லேடி காளைகள்

சிரிக்கக் கூடாது. அழவும் கூடாது. இரண்டில் எது வந்தாலும் மூச்சு உடைந்துவிடும். நடுக்கோட்டைத் தாண்டியாயிற்று, இனி வாயில் ஒரே சொல்தான் ஓட வேண்டும். கத்தட்டும். கத்துகிறவர்கள் யார்? காலையில் என் தட்டிலிருந்து இட்லியைப் பிடுங்கித் தின்றவர்கள். இவர்கள் கத்துவது எனக்கு என்ன செய்துவிடும்?

இப்படித் தனக்குள் சொல்லிக்கொண்டே வெற்றிச்செல்வி "கபடி கபடி கபடி" என்று குனிந்து எதிர்ப் பக்கத்துக்குள் போனாள். எதிரே கைகோத்து நின்ற ஏழு பேரும் அவளுடைய அணிப் பெண்கள்தான். பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் சாலையை ஒட்டிய கல்லூரி மைதானம். வேலிக்கு அந்தப் பக்கம் மக்காச்சோளக் கொல்லை.

"ம்மா..." என்றாள் வலது கோடியில் நின்ற ஆனி ரோஸ். மாட்டின் குரல். அச்சு அசலாக இருந்தது. மற்ற ஆறு பேரும் சேர்ந்துகொண்டார்கள்.

"ம்மாஆ..."

வெற்றிச்செல்வியின் கால் சரியாகத்தான் நகர்ந்தது. இடது கை நீண்டு ஒருத்தியின் முழங்கையைத் தொடப் போனது. ஆனால் வாயில் ஓடிய சொல் பாதியில் அறுந்தது. "கபடி கப..." அவ்வளவுதான். விசில் ஒலித்தது.

"மூச்சு எங்கடி போச்சு?" என்றார் அம்பிகா மேடம்.

அம்பிகா மேடம் பெண்கள் பிரிவின் உடற்கல்வி ஆசிரியை. குரும்பலூர்க்காரர். ஒரு காலத்தில் அவரும் கபடி பாடிப் போனவர்தான், முட்டி போனதும் விசிலை எடுத்துக்கொண்டார். அணிப் பெண்களே மாடு மாதிரி கத்த வேண்டும், அதைக் கேட்டுக் கேட்டு வெற்றிச்செல்விக்கு மரத்துப்போக வேண்டும் என்பது அவருடைய ஏற்பாடு. ஒரு வாரமாக மாலைப் பயிற்சி இப்படித்தான் நடக்கிறது.

"நாளைக்கி அரியலூர் மேட்ச்ல வேடிக்க பாக்க வர்றவனுங்க கத்தத்தான் போறானுங்க. வாயப் பொத்திக்கிட்டு இருங்கடான்னு நான் போயிக் கெஞ்ச முடியுமா? நீதான் காத மூடிக்கணும்" என்றார்.

"காத மூடிட்டா என் மூச்சே எனக்குக் கேக்காது மேடம்."

"நல்லா பேசு. பேசறப்ப மட்டும் மூச்சு வருது."

பெண்கள் சிரித்தார்கள். வெற்றிச்செல்வியும் சிரித்தாள். அணித் தலைவி என்பதால் சிரித்துத்தான் ஆக வேண்டும்.

ஆனி ரோஸ் அவள் தோளில் கை போட்டு இழுத்துக்கொண்டு போனாள். ஏலாக்குறிச்சிப் பெண். கையில் சிக்கிய காலை விடாதவள். "நான் ரொம்ப நல்லா கத்துறேனோ? எங்க வூட்டு லெச்சுமி மாரியே இருக்காம். அது நேத்துதான் கன்னு போட்டிருக்கு" என்றாள்.

"நல்லாத்தான் இருக்கு."

"கோச்சுக்காத."

"எனக்கு என்ன கோவம்?"

அது பொய்யில்லை. அவளுக்குக் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. எதைக் கண்டு பயம் என்று கேட்டால் அவளால் ஒரு வரியில் சொல்ல முடியாது. கபடியில் பாடிப் போகிறவள் எதிர்ப் பக்கத்தில் இருக்கும் நேரம் முழுக்க அந்த ஒரு சொல்லை விடாமல் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும், நடுவர் காதில் விழும்படி. நிறுத்தினால் ஆட்டமிழப்பு. எட்டாம் வகுப்பிலிருந்து அவள் அதைச் சொல்லி வருகிறாள். ஒருநாளும் அது வாயிலிருந்து நழுவும் என்று நினைத்ததில்லை. போன மாதம் உடையார்பாளையத்தில் நழுவியது. அன்றிலிருந்து ஒவ்வொரு முறை கோட்டைத் தாண்டும்போதும் இப்போது நழுவுமா, இப்போது நழுவுமா என்று உள்ளே ஒருத்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கிறாள்.

எல்லாம் பெயரில் தொடங்கியது. கல்லூரித் தாளாளர் ராஜதுரை வீட்டில் முன்பு ஒரு ஜல்லிக்கட்டுக் காளை இருந்தது. யாருக்கும் பிடி கொடுக்காத காளை. அது செத்த வருடம்தான் கல்லூரியில் ஆண்கள் கபடி அணி தொடங்கியது. அதன் நினைவாக அணிக்குக் 'காளைகள்' என்று பெயர் வைத்து, அதன் தலையையே சட்டையில் அச்சடித்தார். அதற்குப் பிறகு பெண்கள் அணி வந்தது. முதல் கோப்பையை வாங்கி வந்த அன்று பாராட்டு மேடையில், என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் ஒரு நொடி தடுமாறிவிட்டு, "நம்ம லேடி காளைகள்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். அம்பிகா மேடம்தான் முதலில் தட்டினார். அடுத்த வாரம் டவுன் பிளக்ஸ் கடையிலிருந்து சட்டைகள் வந்தன. அதே காளையின் தலை. கொம்பு இரண்டுக்கும் ரோஸ் நிறம். கண்ணுக்கு நீளமான இமை முடி. நெற்றியில் ஒரு பொட்டு.

கடைக்காரர் தன் யோசனையாக வைத்த பொட்டு அது. தாளாளருக்குப் பிடித்துப்போனது.

அப்போது யாரும் எதுவும் சொல்லவில்லை. வெற்றிச்செல்வியும்தான். அவளுக்கு அந்தச் சட்டை கிடைத்ததே பெரிய விஷயமாக இருந்தது. திருமானூரில் அவள் வீட்டுக்கே தாளாளர் வந்து, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, அவள் அம்மா போட்டுக் கொடுத்த டீயைக் குடித்து, "பொண்ண அனுப்புங்க, நான் பாத்துக்குறேன்" என்று சொல்லி அழைத்து வந்தவர். விடுதியில் விளையாட்டுப் பெண்களுக்குத் தினம் முட்டை போட வைத்தவர். அவர் வைத்த பெயரைப் பிடிக்கவில்லை என்று நினைப்பதற்கே அவளுக்குக் கூச்சமாக இருந்தது. பெயர்தானே. கோப்பையைப் பெயரா வாங்கப் போகிறது?

உடையார்பாளையத்தில் மைக்கில் அறிவித்தவர் அந்தப் பெயரை இரண்டு தடவை நிறுத்தி நிறுத்திப் படித்தார். "லேடி... காளைகள்." கூட்டத்தில் ஒருவன், "காளையில ஏதுய்யா லேடி, பசுன்னு சொல்லு" என்றான். முதல் 'ம்மா' அங்கிருந்துதான் வந்தது. பிறகு ஆடுகளத்தைச் சுற்றியிருந்த கட்டைவேலி முழுக்கப் பரவியது. அத்தோடு விட்டிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். கடைசி நிமிடத்தில், ஒரு புள்ளி பின்தங்கியிருக்கும்போது, அவள் பாடிப் போனாள். வேலியோரம் இருந்த இன்னொருவன் சத்தமாகக் கேட்டான்: "இது வேளைக்கி எத்தன லிட்டர் கறக்கும்?"

அவள் தன் நெஞ்சைக் குனிந்து பார்த்தாள். அதுதான் அவளுக்கு இன்னும் ஆறவில்லை. அவன் கேட்டது கூட இல்லை, தான் குனிந்து பார்த்தது. பொட்டு வைத்த மாட்டுத் தலை அங்கே இருந்தது. எல்லோர் கண்ணும் அங்கே இருந்தது. மூச்சு நின்றது, விசில் ஒலித்தது, அணி தோற்றது. அதை யாரோ படம் பிடித்து, மாட்டுச் சத்தத்தைச் சேர்த்து ரீல்ஸாகப் போட்டுவிட்டார்கள்.

மாலைப் பயிற்சிக்குப் பிறகு விடுதி வராந்தாவில் அப்பாவின் போன் வந்தது. உத்திராபதி திருமானூர் பஸ் நிறுத்தத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். அவர் அப்பா காலம் வரை ஊரார் வயலில் கூலி வேலை. சொந்த வண்டி என்று ஒன்று வந்தது உத்திராபதி காலத்தில்தான்.

"சாப்டியாம்மா?"

"இல்லப்பா, இனிமேத்தான்."

"நாளைக்கி அரியலூருக்கு நான் வரட்டா? வண்டிய ஒரு நாளு நிப்பாட்டிக்கலாம்."

அவள் சுவரை நகத்தால் சுரண்டினாள்.

"யாரோ பெரிய ஆளுங்க வாராங்கன்னியே."

"ஆமாப்பா. யுனிவர்சிட்டி டீமுக்கு ஆள் எடுக்க ரெண்டு பேரு வராங்க. நாளைக்கி ஆடுறத வச்சுத்தான் எடுப்பாங்க."

"அப்ப வரணும்ல." கொஞ்சம் நிறுத்தினார். "ஸ்டாண்டுல பசங்க ஒரு வீடியோ காட்டுனானுங்கம்மா."

"ம்."

"நீ நல்லாத்தான் ஆடுன. எவனோ வேலையத்தவன் அப்புடிப் போட்டுருக்கான்." சிரிக்க முயன்றார். "இப்ப எனக்கு எவனும் ஹாரன் அடிக்கிறதில்ல. வேற சத்தம் குடுக்குறானுங்க. வெளாட்டுக்குத்தான். நான் ஒண்ணும் சொல்றதில்ல."

வராந்தாச் சுவரின் சுண்ணாம்பு அவள் நகத்தில் உதிர்ந்தது. அப்பாவுக்கு அதைக் கேட்கும்போது முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். சிரித்த மாதிரி வைத்துக்கொண்டு ஆட்டோக் கண்ணாடியைத் துடைப்பார். துடைக்க வேண்டியதே இல்லாத கண்ணாடியை.

"வேணாம்ப்பா. நீங்க வர வேணாம்."

"ஏம்மா?"

"வந்தா எனக்கு ஆட்டத்துல நெனப்பு நிக்காது."

"சரிம்மா" என்றார். உடனே சரி என்றதுதான் அவளுக்கு வலித்தது.

மறுநாள் காலை கல்லூரிப் பேருந்து அரியலூருக்குக் கிளம்பியது. முன்பாதியில் பெண்கள், பின்பாதியில் ஆண்கள் அணி. சுண்ணாம்புக் கல் ஏற்றிய லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துதான் போக முடிந்தது. சாலையோரப் புளிய மரங்கள் சுண்ணாம்புத் தூசியில் வெள்ளை பூத்து நின்றன. ஆனி ரோஸ் ஜன்னலோரம் ஜெபமாலையை உருட்டிக்கொண்டே தூங்கிப்போனாள். வெற்றிச்செல்வி வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தாள். கபடி கபடி கபடி. லாரியின் ஹாரன் வந்தது, மூச்சு உடையவில்லை. பின்னால் ஆண்கள் பாட்டுப் போட்டுக் கத்தினார்கள், உடையவில்லை. இப்போது உடையாது என்று தெரியும் நேரங்களில் எல்லாம் அது உடையாது. அதில் அவளுக்கு ஆறுதல் எதுவும் கிடைக்கவில்லை.

மைதானத்தில் கூட்டம் அதற்குள் சேர ஆரம்பித்திருந்தது. பந்தலின் முன்வரிசையில் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் தொப்பி போட்டிருந்தார், இன்னொருவர் பெண்மணி, மடியில் ஒரு பை. "அவங்கதான்" என்று அம்பிகா மேடம் காதோரம் சொன்னார். "மொத ஆட்டத்துலயே கண்ணுல படணும். நீ பாட்டுக்குப் பாடு, மத்ததெல்லாம் நாங்க பாத்துக்குறோம்."

அப்போதுதான் தாளாளரின் கார் வந்தது. ராஜதுரை இறங்கினார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, முகம் நிறையச் சிரிப்பு. கூடவே கேமராவும் அதை நிறுத்தும் மூன்றுகால் கம்பியும் தூக்கிக்கொண்டு ஒருவர்.

"வாங்கம்மா, எல்லாரும் வாங்க. சாப்டீங்களா? முட்டை குடுத்தாங்களா?" என்றார்.

"குடுத்தாங்க சார்" என்றார்கள்.

"வெற்றி, இங்க வா. ஒனக்கு ஒரு நல்ல சேதி." போனை எடுத்து நீட்டினார். உடையார்பாளையத்து ரீல்ஸ். அவள் குனிந்து பார்க்கிற இடத்தில் படம் மெதுவாக ஓடியது. "பத்து லட்சம் பேர் பாத்துருக்கான். பத்து லட்சம். நான் பதினஞ்சு வருசமா பேப்பர்ல வெளம்பரம் குடுக்குறேன், சேலத்துக்காரனுக்கு நம்ம காலேஜ் பேரு தெரியாது. இப்பக் கேக்குறான்."

அவள் போனிலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டாள்.

"எனக்கும் மொதல்ல கோவம்தான். அப்பறம் யோசிச்சேன். எதுக்குக் கோவப்படணும்? ஊரே கத்துது, சரி. நாமளே கத்திட்டா? அப்பறம் அவன் கத்துறதுக்கு என்ன இருக்கு?" அணியைச் சுற்றிப் பார்த்தார். "ஒண்ணுமில்லம்மா. வரிசையா நிக்கணும். கேப்டன் முன்னால வந்து, 'நாங்க லேடி காளைகள், எங்ககிட்ட மோதிப் பாருங்க'ன்னு சொல்லிட்டு, ஒரு 'ம்மா' குடுக்கணும். எல்லாரும் சேந்து பின்னாலயே குடுக்கணும். அட்மிசன் வெளம்பரத்துக்கு அதான். ரெண்டு நிமிசம்."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி வாயைப் பொத்திச் சிரித்தாள். யாருக்கும் அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. ஒரு வாரமாக மாலையில் செய்துகொண்டிருந்ததுதானே.

வெற்றிச்செல்வி நின்ற இடத்திலேயே நின்று அதை யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். சார் சொல்வது சரியாகவும் இருக்கலாம். நானே கத்திவிட்டால் அந்தச் சத்தம் என்னுடையதாகிவிடும், என்னுடையதைக் கேட்டு எனக்கு மூச்சு நிற்காது. அப்படித்தான் ஆகும் என்று நம்ப அவளுக்கு ஆசையாக இருந்தது. ஆனால் அவள் மனதில் அந்த விளம்பரம் ஏற்கெனவே ஓட ஆரம்பித்திருந்தது. திருமானூர் ஸ்டாண்டில், டீக்கடைப் பெஞ்சில், யாரோ ஒருவன் கையில். இப்போது கத்துவது வேலியோரத்துப் பையன் இல்லை. அவள். அப்பாவிடம் அவர்கள் காட்டுவார்கள். இங்க பாருண்ணே, ஒம் பொண்ணே சொல்லுது.

பந்தலுக்குப் பக்கத்தில் ஆண்கள் அணி கால் நீட்டிப் பயிற்சி செய்துகொண்டிருந்தது. அவர்கள் சட்டையில் காளை காளையாகவே இருந்தது. அதன் கண்ணில் இமை முடி இல்லை.

"சார்" என்றாள். "பசங்களையும் எடுக்குறீங்களா?"

ராஜதுரை அவர்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார். கேள்வி அவருக்குப் புரியவில்லை. "அவனுங்கள எதுக்கும்மா? அவனுங்கள யாரு கேலி பண்றா?"

கேமராக்காரர் கம்பியை நட்டார். பெண்கள் வரிசையில் நின்றார்கள். வெளிச்சம் பார்க்க யாராவது ஒருத்தர் வர வேண்டும் என்று அவர் சொன்னதும் ஆனி ரோஸ் முன்னால் போனாள். "நான் வேணா சொல்லவா சார்? எனக்கு நல்லா வரும்" என்றாள். போகிற போக்கில் வெற்றிச்செல்வியின் விரலைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனாள். அவளுக்குப் பதிலாகப் போகிறாள் என்று வெற்றிச்செல்விக்குப் புரிந்தது.

ஆனி ரோஸ் சொன்னாள். கத்தினாள். மைதானத்தின் அந்தக் கோடி வரை கேட்டது. கூட்டத்திலிருந்து நாலைந்து பேர் பதிலுக்குக் கத்தினார்கள். ராஜதுரை வயிறு குலுங்கச் சிரித்தார். "பிரமாதம். ஆனா கேப்டன் வேணும்மா. அந்த வீடியோல இருக்குறது அவதானே? அவ வந்து சொன்னாத்தான் சனம் பாக்கும்."

அம்பிகா மேடம் வெற்றிச்செல்வியின் கையைப் பிடித்துக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப் போனார். அவர் கை ஈரமாக இருந்தது.

"ஒரே தடவ வாயத் தொறந்து சொல்லிட்டு வந்துடும்மா."

"மேடம், அந்தப் பேரே..."

"தெரியும். எனக்குத் தெரியாதா? அன்னிக்கி மேடையில அந்தப் பேரச் சொன்னப்ப எனக்கும்தான் ஒரு மாதிரி இருந்துச்சு. நான்தான் மொதல்ல கையத் தட்டுனேன்." அவர் பந்தலைப் பார்த்தார். "ரெண்டு பேரு உக்காந்துருக்காங்க பாரு. நீ எறங்குனாத்தான் அவங்க ஒன்னயப் பாக்க முடியும். எறக்குறதும் நிப்பாட்டுறதும் இப்ப எங் கையில இல்லடி. என் வேலையே வருசா வருசம் அவரு சொன்னாத்தான்."

"சரிங்க மேடம்" என்றாள். எதற்குச் சரி என்று அவளுக்கே தெரியவில்லை. மேடம் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு முதுகில் தட்டிக் கேமரா பக்கம் அனுப்பினார்.

நடந்து போனாள். ஏழெட்டு அடிதான் இருக்கும்.  ஆட்டத்துக்கு முன்னால் வருகிற பயம் வேறு, அது கோட்டைத் தாண்டியதும் போய்விடும். இது போகவில்லை. உள்ளே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பவள் இப்போதும் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிடு, இறங்கிவிடலாம். சொல்லிவிட்டு இறங்கினால் இறங்குவது நானா, அந்த மாடா? இவருக்கு நன்றி இல்லாதவளா நான்? முட்டை, சட்டை, விடுதி, அம்மா போட்ட டீ. எல்லாம் வரிசையாக வந்து நின்றன. எதையும் அவள் மறுக்கவில்லை. எல்லாம் உண்மைதான்.

கேமராவின் சிறிய சிவப்பு விளக்கு எரிந்தது. பின்னால் பெண்கள் கசமுசாவென்று பேசிக்கொண்டிருந்தவர்கள் அமைதியானார்கள்.

"சொல்லும்மா" என்றார் ராஜதுரை.

அவள் அந்தச் சிவப்பு விளக்கையே பார்த்தாள்.

"வெக்கமா? இவ்வளவு கூட்டத்துல பாடிப் போறவ, கேமராவுக்கு வெக்கப்படுறியே." யாரோ சிரித்தார்கள்.

"வெக்கம் இல்லைங்க சார்."

"அப்பறம் என்ன? தொண்டை கட்டிக்கிச்சா? ஏய், தண்ணி குடுங்கப்பா."

"தண்ணி வேணாங்க சார். நான் அதச் சொல்லலங்க."

மிகவும் மெதுவாகச் சொன்னாள். கேமராக்காரர் தலையைத் தூக்கி, "கேக்கல, கொஞ்சம் சத்தமாச் சொல்லும்மா" என்றார். அவருக்கு அதுவும் விளம்பரத்தின் வசனம்தான்.

ராஜதுரைக்குக் கேட்டுவிட்டது. சிரிப்பு உடனே போகவில்லை, கொஞ்ச நேரம் முகத்திலேயே நின்றது. அவர் அருகில் வந்தார். கோபக் குரல் இல்லை. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் பேசினாரே, அந்தக் குரல்.

"ஒன்ன ஆடுறதுக்குத்தான கூட்டியாந்தேன்?"

"ஆமாங்க சார்."

"எறங்கி ஆடணும்ல?"

"ஆடணுங்க சார்."

"பந்தல்ல உக்காந்துருக்கவங்களுக்கு ஒம் பேரக் குடுத்ததே நான்தான். ஒனக்குத் தெரியுமா?"

அது அவளுக்குத் தெரியாது. தெரிந்ததும் கண் ஓரம் எரிந்தது. "நன்றிங்க சார்" என்றாள். மனதாரத்தான் சொன்னாள்.

"அப்பச் சொல்லிடு. மொத ஆட்டத்துக்கே எறங்கிடலாம். இல்லன்னா இன்னிக்கி யார எறக்குறதுன்னு நான் அம்பிகாகிட்ட வேற மாரி சொல்ல வேண்டியிருக்கும்."

மைக்கில் அணிகளைத் தயாராக இருக்கச் சொன்னார்கள். அம்பிகா மேடம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். 

"புரியுதுங்க சார்" என்றாள் வெற்றிச்செல்வி.

"ஒரே ஒரு தடவம்மா. ஒரு சத்தம். அவ்ளோதான்."

அவள் கைகளைப் பின்னால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அவர் முகத்தைப் பார்த்தபடியே, இல்லை என்று தலையசைத்தாள்.